மதிப்பிடும் கண்ணும் கணிக்கும் பொறியும்

ஒரு மனையின் விலை யாது என வினவினால் ஒன்றல்ல, மூன்று விடைகள் கிடைக்கும். அரசு வகுத்த வழிகாட்டி மதிப்பு ஒன்று. பத்திரத்தில் எழுதிய தொகை மற்றொன்று. உண்மையில் கைமாறிய தொகை பிறிதொன்று. இவற்றினிடையே நின்று தகுந்த மதிப்பை ஆய்ந்து உரைப்பவரே சொத்து மதிப்பீட்டாளர். வீட்டுக் கடனும் பாகப்பிரிவினையும் பல வேளைகளில் அவர் கையொப்பத்தை நம்பியே நடைபெறுகின்றன. இன்று அவர் மேசைக்குச் செயற்கை நுண்ணறிவு வந்துள்ளது. அதனை அவர் ஏற்பாரா என்பதை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து ஈண்டுக் காண்போம்.

பொறி கணிக்கும் முறை

முன்னர் நடந்த விற்பனைகளின் விலை, பரப்பு, சாலை அகலம், கட்டடத்தின் வயது முதலியவற்றைப் பொறிக்குக் கற்பிக்கின்றனர். அவற்றிடையேயுள்ள தொடர்பைக் கொண்டு அது புதிய சொத்தின் விலையைக் கணிக்கிறது. நாள் முழுதும் ஒப்பிட வேண்டிய விவரங்களை நொடியில் ஒப்பிடுகிறது. அறிக்கை எழுதவும் துணை செய்கிறது. இவ்வளவில் அதனை ஏற்பதில் எவர்க்கும் தடையிராது.

தயக்கத்தின் காரணம்

ஆயின், பாடம் பிழையானால் கணிப்பும் பிழையாகும். முத்திரைத்தீர்வைக்கு அஞ்சிக் குறைத்தெழுதிய பத்திரங்களும் பொறிக்குப் பாடநூலாகின்றன. தமிழகத்தில் வழிகாட்டி மதிப்பு 2017 ஜூனில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கே உயர்த்தப்பட்டது. பத்திரத் தொகைகள் அதனைத் தழுவி ஏறி இறங்கினால், சந்தையே ஏறி இறங்கியதாகப் பொறி மயங்கும். இத்தீங்கு பொறியோடு நிற்பதன்று. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி, பதிவான விற்பனைகளின் சராசரி விலையும் இழப்பீட்டுக்கு ஓர் அளவுகோல். அண்டை நிலத்தார் குறைத்தெழுதினால், சாலைக்கு நிலம் இழக்கும் உழவரும் நட்டமடைவார்.

நேரில் கண்டாலன்றி விளங்காதனவும் உள. சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலைச் சாலைகள் கூடுமிடம் திண்டிவனம். அங்குச் சாலையோர மனைக்கும் அதன் பின்னுள்ள தாழ்நிலத்துக்கும் தொலைவு சிறிது. மதிப்போ மலைக்கும் மடுவுக்கும். 2024 நவம்பர் 30 இரவு கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது, அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்பதைச் சுவரிலுள்ள நீர்க்கறை கூறும், பத்திரம் கூறாது. நிலம் வக்ஃபுக்கு உரியதா, கோயிலுக்கு உரியதா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதையும் மூல ஆவணம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒப்புநோக்கியே துணிதல் வேண்டும்.

அமெரிக்காவில் ஸில்லோ நிறுவனம் 2006 முதல் கணினிவழி வீட்டு விலை கணித்து வந்தது. பின்னர்க் கணிப்பை நம்பித் தானே வீடுகளை வாங்கி விற்கவும் முனைந்தது. வருவிலையைத் துல்லியமாக முன்னறிய இயலாமையால், 2021 நவம்பரில் அத்தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது.

நிறைவாக

பொறி தவறினால் பொறுப்பேற்பவர் யார்? கையொப்பமிட்டவரே. மதிப்பீட்டாளரின் தயக்கம் புதுமையை வெறுப்பதன்று. தாம் காணாத கணக்குக்குத் தாம் பொறுப்பாவதா என்னும் அச்சமே. ஆகவே, எவ்விற்பனைகளைக் கொண்டு கணித்தது என்பதைப் பொறி காட்டுதல் வேண்டும். களம் சென்று காண்பதும் இறுதி முடிவும் மனிதரிடமே இருத்தல் வேண்டும். அந்நிலையில் அதனை மனமுவந்து ஏற்கலாம் என்பதே நம் கருத்து.

அளவையில் குறை செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே அமைந்துள்ளது. மரக்காலுக்கும் தராசுக்கும் உரிய அந்நேர்மை, மனையின் விலைக்கும் உரியதன்றோ? பத்திரத்தில் நாம் மெய் எழுதினால் பொறியும் மெய் கற்கும்.