இருட்டில் ஓடும் கடல் பஸ்

நார்வேயின் வட கோடியில், சூரியன் எழாத மாதங்களிலும் ஒரு கப்பல் சேவை தினமும் ஓடுகிறது. உள்ளூர்க்காரர்களுக்காகத் தொடங்கியதை இப்போது தாங்கிப் பிடிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.

ஜனவரி இரவு. மணி பத்தை நெருங்குகிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத பெர்லவோக் என்ற மீனவ ஊரின் கரையில் கப்பல் வந்து ஒட்டுகிறது. பக்கவாட்டுக் கதவு திறந்ததும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி உறுமிக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டிகளை அள்ளி வருகிறது. தோளில் பையோடு உள்ளூர்க்காரர்கள் இரண்டொருவர் இறங்கிப் பனியில் நடந்து மறைகிறார்கள். மேலே, திறந்த தளத்தில், கம்பளி உடைக்குள் புதைந்த வெளிநாட்டவர் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்தபடி நிற்கிறார்கள். பச்சை ஒளி ஏதாவது தெரிகிறதா? கீழே இறங்கும் பெட்டிகள் மீது அவர்களுக்கு அக்கறை இல்லை. கால் மணி நேரத்தில் கதவு மூடிக்கொள்கிறது. கப்பல் கிளம்பிவிடுகிறது.

இந்தச் சேவையின் பெயர் ஹுர்டிக்ருட்டன். ‘விரைவுப் பாதை’ என்று பொருள். தென்மேற்கே உள்ள பெர்கன் நகரிலிருந்து, ரஷ்ய எல்லையை உரசி நிற்கும் கிர்கெனஸ் வரை 34 துறைமுகங்கள். போய்த் திரும்ப 12 நாட்கள். பதினொரு கப்பல்கள் சங்கிலிபோல முறை வைத்து ஓடுவதால், பெர்கனிலிருந்து ஒவ்வொரு மாலையும் ஒன்று கிளம்புகிறது. கிறிஸ்துமஸ் என்றாலும் விடுமுறை கிடையாது. பல துறைமுகங்களில் நிற்கும் நேரம் நம் ஊர் ரயில் ஜங்ஷனில் நிற்பதைவிடக் குறைவு.

வட துருவ வட்டத்துக்கு மேலே, அதுவும் குளிர்காலத்தில், கடல் எப்படி உறையாமல் இருக்கிறது? அட்லாண்டிக்கைக் கடந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் நார்வே கரையை வருடிக்கொண்டே வடக்கே போகிறது. இதே அட்சரேகையில் கிரீன்லாந்தின் கரைகள் பனிக்கட்டியில் இறுகிக் கிடக்கும்போது, இங்கே அலை அடிக்கிறது. உறையாத கடல் என்றால் அமைதியான கடல் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான தூரத்துக்குத் தீவுகள் அரண்போல நின்று கப்பலைக் காக்கின்றன. அரண் இல்லாத இடங்கள் சில உண்டு: தெற்கே ஸ்டாட் முனை, போடோவுக்கும் லோஃபோடன் தீவுகளுக்கும் இடையிலான வெஸ்ட்ஃபியோர்ட், வடகோடியில் பேரன்ட்ஸ் கடல். அங்கே சாப்பாட்டு அறையில் கூட்டம் சட்டென்று குறைந்துவிடுகிறது.

இருட்டு இன்னொரு சங்கதி. ட்ரோம்சோவில் நவம்பர் 27 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 15 வாக்கில்தான் மறுபடி தலைகாட்டும். வடக்கே போகப் போக இந்த இரவு இன்னும் நீளம். ஆனால் முழு இருட்டு என்று நினைத்தால் தவறு. நடுப்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம் ஒன்று பரவும். விடியலும் இல்லை, அந்தியும் இல்லை. பனி மூடிய மலைகள் அந்த நீலத்தில் தெரிந்து, சாப்பாட்டு வேளை முடிவதற்குள் மறைந்துவிடும்.

இந்த இருட்டில் கப்பல் விடலாம் என்று 1890களின் தொடக்கத்தில் சொன்னபோது பலர் சிரித்தார்கள். அரசின் நீராவிக் கப்பல் ஆலோசகர் ஆகஸ்ட் கிரான் யோசனையை முன்வைத்தார். பெரிய கம்பெனிகள் கையை விரித்தன. காரணம் நியாயமானதுதான். ட்ராண்ட்ஹெய்முக்கு வடக்கே இருந்த கலங்கரை விளக்கங்கள் வெறும் 28. கடல் வரைபடங்கள் இரண்டே இரண்டு. குளிர்கால இரவில் அந்தப் பாறைகளுக்கு நடுவே போவது தற்கொலை என்றுதான் தோன்றியிருக்கும்.

ஒப்புக்கொண்டவர் வெஸ்டரோலன் தீவுகளில் சிறு கப்பல் கம்பெனி நடத்திய கேப்டன் ரிச்சர்ட் வித். அவரிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. அவரும் வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்ட்டும் ஒவ்வொரு பயணத்திலும் திசைகாட்டி காட்டிய கோணம், கப்பலின் வேகம், ஒரு திருப்பத்திலிருந்து அடுத்த திருப்பத்துக்கு ஆன நிமிடங்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். கண்ணுக்குக் கரை தெரியாவிட்டாலும், திசைகாட்டியும் கடிகாரமும் இந்தக் குறிப்பும் கையில் இருந்தால் போதும். 1893 மே மாதம் அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 2ந் தேதி ட்ராண்ட்ஹெய்மிலிருந்து கிளம்பிய ‘வெஸ்டரோலன்’ கப்பல், வித்தே கேப்டனாக நிற்க, 67 மணி நேரத்தில் ஹாமர்ஃபெஸ்ட்டை அடைந்தது.

அதுவரை ட்ராண்ட்ஹெய்மில் போட்ட கடிதம் ஹாமர்ஃபெஸ்ட் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகும். மகனுக்குக் காய்ச்சல் என்று எழுதினால், அவன் பிழைத்தானா இல்லையா என்ற பதில் வருவதற்குள் அடுத்த கோடை வந்துவிடும். அந்தத் தூரம் ஒரேயடியாகச் சில நாட்களாகச் சுருங்கியது.

கடிதத்தைவிட முக்கியம் மீன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் கூட்டம் கூட்டமாக லோஃபோடன் கரைக்கு முட்டையிட வருகின்றன. பிடித்த மீனைத் தலை நீக்கி, வாலோடு வால் ஜோடியாகக் கட்டி, மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். உப்பே போடாத கருவாடு இது. உறைபனிக்கும் வெயிலுக்கும் இடைப்பட்ட வடக்கத்திக் காற்று மட்டுமே அதைக் காய வைத்துக் கட்டைபோல இறுக்கிவிடுகிறது. உடல் பெரும்பாலும் இத்தாலிக்கு. தலை நைஜீரியாவுக்கு, குழம்பில் போட. வைக்கிங்குகள் காலத்திலிருந்து வட நார்வே இந்த வியாபாரத்தில்தான் வயிறு வளர்த்தது. அதற்குக் குறித்த நேரத்தில் வரும் கப்பல் என்பது பெரிய வரம்.

போர்க்காலத்திலும் சேவை ஓடியது, விலை கொடுத்தது. ஜெர்மானியர் பிடியில் நார்வே இருந்ததால், கரையோரம் போகும் எந்தக் கப்பலும் நேச நாடுகளின் குறிக்குத் தப்பவில்லை. 1941 செப்டம்பர் 13 என்ற ஒரே நாளில் ‘பாரோய்’, ‘ரிச்சர்ட் வித்’ என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. நிறுவனரின் பெயர் தாங்கிய கப்பலை அடித்தது பிரிட்டிஷ் நீர்மூழ்கி. இறந்தவர்களில் சாதாரண நார்வே மக்களும் உண்டு. அதன்பின் ட்ரோம்சோவுக்கு வடக்கே பெரிய கப்பல்கள் போகவில்லை. அவற்றின் இடத்தில் சிறு படகுகள் சுமை ஏற்றிக்கொண்டு ஓடின. 1944ல் பின்வாங்கிய ஜெர்மானியர் வட மாகாணமான ஃபின்மார்க்கைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். ஹானிங்ஸ்வோக்கில் தேவாலயம் மட்டும் மிஞ்சியது. இன்று கப்பலிலிருந்து தெரியும் அந்த ஊர்களில் பழைய கட்டடம் என்று ஒன்று அபூர்வம்.

குண்டுகளால் முடியாததைச் செய்ய முனைந்தவை பிற்பாடு வந்த சாலைகளும் சிறு விமான நிலையங்களும். தபால் விமானம் ஏறியது. சரக்கு லாரி ஏறியது. 1980களில் இந்தக் கப்பல்களுக்கு ஏன் மானியம் என்ற கேள்வி பலமாகவே எழுந்தது. அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் கப்பல் ஏறியவர்களுக்கு இந்தக் கேள்வியின் தொனி பழக்கமானதுதான்: கணக்குப் புத்தகத்தில் நஷ்டம், கரையில் நிற்பவனுக்கு வேறு வழியில்லை.

கிடைத்த விடை, சுற்றுலா. 1993ல் தொடங்கிப் பெரிய புதுக் கப்பல்கள் வந்தன. படுக்கை அறைகள் பெருகின, கண்ணாடிச் சுவர் வைத்த கூடம் வந்தது, பிறகு மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டியும் வந்தது. துருவ வட்டத்தைத் தாண்டும் காலையில், கடல் தேவன் வேடமிட்டவர் பயணிகளின் சட்டைக்குள் ஐஸ் கட்டிகளைக் கொட்டுவது ஒரு சடங்கு. இதற்காகவே பணம் கொடுத்து வந்தவர்கள் வரிசையில் நிற்பது வேடிக்கைதான். துருவ ஒளி தெரியாவிட்டால் இன்னொரு பயணம் இலவசம் என்று விளம்பரம்கூட வந்தது. 2011 ஜூனில் நார்வே அரசுத் தொலைக்காட்சி பெர்கனிலிருந்து கிர்கெனஸ் வரை 134 மணி நேரம் கப்பலின் பயணத்தை இடைவிடாமல் நேரடியாக ஒளிபரப்பியது. கதையும் இல்லை, வர்ணனையும் இல்லை. சுமார் 50 லட்சம் பேர் உள்ள நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் எப்போதாவது அதை எட்டிப் பார்த்தார்கள். சாலை வந்ததும் மறந்துபோன கப்பலை அன்று ஒரு நாடே மறுபடி பார்த்துக்கொண்டது என்று சொல்லலாம்.

ஒரே கப்பலில் இப்போது இரண்டு உலகங்கள். ஒருவருக்குப் பன்னிரண்டு நாள் விடுமுறை. இன்னொருவருக்கு அடுத்த ஊருக்கு நாலு மணி நேரம். அறை எடுப்பதில்லை, கூடத்து நாற்காலியில் கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கி, தன் ஊர் வந்ததும் எழுந்து போய்விடுவார்.

முதல் ஆசாமி வராவிட்டால் என்ன ஆகும் என்பது 2020ல் தெரிந்தது. கோவிட் வந்ததும் சுற்றுலா அடியோடு நின்றது. தினசரிச் சேவை நின்றுபோய், ஏப்ரலில் போடோவுக்கும் கிர்கெனஸுக்கும் இடையே இரண்டே இரண்டு கப்பல்கள் ஓடின. உள்ளூர்த் தேவைக்கு அரசு தரும் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழைய ஓட்டம் ஓட முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2021 முதல் அரசு ஒப்பந்தம் இரண்டு கம்பெனிகளுக்குப் பிரிந்தது. ஹுர்டிக்ருட்டன் கம்பெனிக்கு ஏழு கப்பல்கள். ஹாவிலா என்ற புது கம்பெனிக்கு நான்கு. எரிவாயுவில் ஓடும் ஹாவிலா கப்பல்களில் ராட்சத பாட்டரிகளும் உண்டு. நாலு மணி நேரம் வரை சத்தமும் புகையும் இல்லாமல் போகலாம். ஆனால் முதல் கப்பலுக்குக் கடன் தந்தது ரஷ்ய அரசைச் சேர்ந்த நிறுவனம். 2022ல் உக்ரைன் போரையொட்டித் தடைகள் வந்ததும் அது பெர்கன் துறைமுகத்தில் வாரக்கணக்கில் கட்டிப் போடப்பட்டது. பேரன்ட்ஸ் கடல் ஓரத்து மீனவ ஊர், தன் கப்பல் ஏன் வரவில்லை என்பதற்கு மாஸ்கோவைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது.

உண்மையில் இந்தச் சேவையின் அருமை ஃபின்மார்க்கின் கிழக்குக் கரையில்தான் தெரியும். பெர்லவோக்குக்கும் பாட்ஸ்ஃபியோர்டுக்கும் வரும் சாலைகள் மரமே இல்லாத மொட்டை மலை மேல் ஏறி இறங்குகின்றன. பனிப்புயல் வந்தால் சாலை மூடப்படும். கொஞ்சம் தணிந்தால், பனி அள்ளும் வண்டி முன்னே போக, கார்கள் வரிசை கட்டிப் பின்னே ஊர வேண்டும். சிறு விமானமும் அந்தக் காற்றில் இறங்காது. அப்போது கப்பல் ஒன்றுதான். சிக்கல் என்னவென்றால், சாலையை மூடும் அதே புயல் துறைமுக வாயையும் அடைத்துவிடும். பெர்லவோக்கில் 1970களில் ராட்சத கான்கிரீட் கட்டைகளைக் கொட்டி அலைத்தடுப்பு கட்டி முடிக்கும்வரை கப்பல் கரையை ஒட்டவே இல்லை. பயணிகள் குலுங்கும் சிறு படகில் இறங்கித்தான் ஊர் வந்தார்கள். இன்றும் காற்று மிஞ்சினால் கேப்டன் துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார். மேல்தளத்துப் பயணிக்கு அது ஒரு சாகசக் கதை, ஊர் திரும்பிச் சொல்லலாம். இறங்க வேண்டிய ஊர் விளக்குகள் பின்னால் நகர்வதைப் பார்த்து நிற்பவருக்கு இன்னொரு இரவு.

ஏழாம் நாள் காலையில் கிர்கெனஸ். தீர்க்கரேகைப்படி இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே இருக்கிற ஊர். தெருப் பலகைகளில் நார்வே மொழியோடு ரஷ்ய எழுத்தும் இருக்கிறது. எல்லைச் சாவடி சுமார் 15 கிலோமீட்டர். ரஷ்யாவோடு கொடுக்கல் வாங்கல் நடத்தியே வளர்ந்த ஊர், 2022க்குப் பின் அந்தப் பக்கத்துக் கதவு ஏறக்குறையச் சாத்தப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் ராட்சத நண்டு பிடிப்பதையும் பனி ஓட்டலையும் பார்க்க பஸ் ஏறுகிறார்கள். பலர் இங்கேயே இறங்கி விமானத்தில் ஊர் திரும்பிவிடுவார்கள். மூன்றரை மணி நேரத்தில் கப்பல் திரும்பிக் கிளம்புகிறது. தெற்கே போகும்போது, வரும்போது இரவில் கடந்த ஊர்களைப் பகலில் பார்க்கும்படி கால அட்டவணை அமைந்திருக்கிறது. பகல் இருக்கிற மாதங்களில், அதாவது.

கிர்கெனஸுக்கு முந்தைய நிறுத்தமான வாட்ஸோவில் கப்பல் போகும்போது மட்டும்தான் நிற்கும், திரும்பும்போது நிற்காது. எனவே மேற்கே ட்ரோம்சோவுக்குப் போக வேண்டிய வாட்ஸோவாசி, காலையில் கப்பலேறி முதலில் எதிர்த்திசையில் கிர்கெனஸ் வருகிறார். அங்கே மதியம் வரை காத்திருந்துவிட்டு, தன் ஊரை விட்டுவிட்டு வார்டோவுக்குப் போகும் அதே கப்பலில் பயணத்தைத் தொடர்கிறார். இப்போதைய ஒப்பந்தம் 2030 வரை.