கூரை மேல் நூறு கிலோ: வண்டி ஏன் சாய்கிறது?

மாணவர்களே, பள்ளி விடுமுறை தொடங்கியதும் நெடுஞ்சாலையில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நான்கு சக்கர இயக்க வாகனம் ஒன்று. அதன் கூரை மேல் தட்டையான கறுப்புச் சட்டம். சட்டத்தின் மேல் கூடாரம், தண்ணீர்க் கலன்கள், கருவிப்பெட்டி. கடைகளில் 'ரூஃப் ரேக்' என்று கேட்டு வாங்கும் அந்தச் சட்டத்தை இங்கே கூரைத் தட்டு என்று அழைப்போம்.

என் அண்ணனும் ஒன்று வாங்கிப் பொருத்தினார். இருவரும் குவா மூசாங் பக்கம் முகாமிடக் கிளம்பினோம். 20 லிட்டர் தண்ணீர்க் கலன் இரண்டு, கருவிப்பெட்டி, அரிசி, டின் உணவு, கூடாரம் என எல்லாம் மேலே ஏறின. மொத்தம் 100 கிலோ இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரு சிக்கலும் இல்லை. காட்டுப் பாதையில் ஒரு சரிவைக் குறுக்கே கடக்கும்போது இடப்பக்கச் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கின. வண்டி சாய்ந்தது. நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். வலப்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழுவது தெரிந்தது. அண்ணன் மெதுவாகப் பின்னால் எடுத்து வண்டியை நிறுத்தினார்.

மழையில் நனைந்தபடி எல்லாவற்றையும் இறக்கி, பின்னிருக்கையை மடக்கி உள்ளே அடுக்கினோம். பிறகு அதே சரிவை அதே வண்டி அமைதியாகக் கடந்தது. ஒரு பொருளைக்கூட நாங்கள் விட்டுவிட்டு வரவில்லை. மாறியது அவை இருந்த உயரம் மட்டுமே.

ஏன் அப்படி? தமிழ்ப்பள்ளியில் 'நிலைத்தன்மை' பாடம் படித்தீர்களே, அதுதான் விடை. அடித்தளம் அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருந்தால் பொருள் எளிதில் கவிழாது. ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு வரையுங்கள். அது நான்கு சக்கரங்களுக்கு நடுவே விழும் வரை வண்டி நிற்கும். ஒரு பக்கச் சக்கரத்தைத் தாண்டி வெளியே விழுந்தால் கவிழும்.

ஒரு கணக்குப் போடுவோம். வண்டியின் பொருண்மை 1,100 கிலோ. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடைவெளி 1.4 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். இடைவெளியில் பாதியும் 0.7 மீட்டர்தான். ஆகவே 45 டிகிரி சாயும் வரை வண்டி கவிழாது.

இப்போது 1.9 மீட்டர் உயரத்தில் 100 கிலோவை ஏற்றுங்கள். புதிய ஈர்ப்பு மையம்: (1,100 × 0.7 + 100 × 1.9) ÷ 1,200 = 0.8 மீட்டர். கவிழும் கோணம் ஏறக்குறைய 41 டிகிரியாகக் குறைகிறது. அதே 100 கிலோவை வண்டிக்குள் 0.7 மீட்டர் உயரத்தில் வைத்தால் கோணம் மாறவே மாறாது.

நான்கு டிகிரிதானே என்று எண்ணாதீர்கள். வண்டி அசையாமல் நிற்கிறது, அதன் சுருள்வில்கள் அழுந்தவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் தாழ்ந்த பக்கத்துச் சுருள்வில் அழுந்தும். மேலே உள்ள சுமை இன்னும் வெளியே சரியும். பள்ளத்தில் இறங்கும் வேகத்தில் ஆட்டமும் சேரும். அதனால் வண்டி கணக்கு சொல்வதைவிட முன்பாகவே கவிழலாம்.

சரி, கூரைத் தட்டே வேண்டாமா? வேண்டும், ஆனால் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். முதலில் வண்டியின் கையேட்டைத் திறந்து கூரைச் சுமை வரம்பைப் பாருங்கள். சுசுகி ஜிம்னிக்கு அது 30 கிலோ. தட்டின் எடையும் இதற்குள் அடக்கம்! தட்டு 20 கிலோ என்றால் பொருளுக்கு மிஞ்சுவது 10 கிலோதான். தட்டுக்கும் அதன் கால்களுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. எது மிகக் குறைவோ அதுவே உங்கள் வரம்பு. கரடுமுரடான பாதையில் அதையும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கும்படி சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். விசை = பொருண்மை × முடுக்கம் அல்லவா? சக்கரம் குழியில் விழுந்து எழும்போது முடுக்கம் கூடுகிறது. நிற்கும்போது 30 கிலோவாக இருக்கும் சுமை, அந்த நொடியில் அதைவிடப் பல மடங்கு விசையுடன் கூரையை அழுத்துகிறது.

அடுத்து, எந்த உலோகம்? எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7.8 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம். அலுமினியம் எஃகைவிட எளிதில் வளைவதால் சட்டத்தைத் தடிப்பாகச் செய்கிறார்கள். அப்படியும் அது எஃகுத் தட்டைவிட இலேசானது. தட்டு கூரையை ஒட்டித் தாழ்வாக இருப்பதும் நல்லது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 55 கிலோமீட்டரில் இருப்பதைவிட 110-இல் அது நான்கு மடங்கு. பெட்ரோல் செலவில் அது தெரியும்.

பொருத்தும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தட்டின் கால்கள் வண்டி தயாரிப்பாளர் குறித்துள்ள இடங்களில் மட்டுமே அமர வேண்டும். கூரைத் தகட்டின் நடுவில் ஊன்றினால் சிறு பரப்பில் பெரும் அழுத்தம் விழுந்து தகடு நெளியும். இரண்டு, எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் முடுக்கி, தட்டு நேராக உள்ளதா என்று பாருங்கள். பிறகு 'டார்க் ரெஞ்ச்' கொண்டு கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். குறைந்தால் போல்ட் கழலும், மிகுந்தால் அலுமினியத்தின் மரை தேயும். கரடுமுரடான பாதையில் சிறிது தூரம் ஓடியதும் மீண்டும் சரிபாருங்கள். மூன்று, துருப்பிடிக்காத எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் மழைநீர் தேங்கினால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அலுமினியம் அதிக வினைத்திறன் கொண்டதால் அதுவே அரிக்கப்படும். இடையே ஒரு நைலான் வாஷர் போட்டால் இந்த அரிப்பு பெருமளவு குறையும்.

இப்போது அண்ணன் வண்டியின் கூரையில் கூடாரமும் தூக்கப் பைகளும் மட்டுமே ஏறுகின்றன. இலேசானதும் இடம் அடைப்பதும் மேலே. தண்ணீர், அரிசி, கருவிகள் உள்ளே, தாழ்வாக, நன்றாகக் கட்டி.

இன்றே வீட்டில் சோதித்துப் பாருங்கள். காலியான ஒரு பால் பெட்டியின் அடியில் சிறிது மணலைப் போட்டு, வழுக்காதபடி துணி விரித்த பலகையில் நிறுத்திச் சாயுங்கள். அது எந்தக் கோணத்தில் கவிழ்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே மணலை ஒரு சிறு பையில் கட்டிப் பெட்டியின் உச்சியில் ஒட்டி மீண்டும் சாயுங்கள். இரண்டு கோணங்களையும் ஒப்பிடுங்கள். அடுத்த விடுமுறையில் அப்பாவோ மாமாவோ கூரையில் பொருள் அடுக்கும்போது, கையேட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நில்லுங்கள். அந்தக் கழித்தல் கணக்கை அவர்களுக்காக நீங்கள் போடுங்கள்.