கான்கிரீட் மூடுவதற்கு முன்

கோவை பீளமேட்டில் ஹோப் காலேஜ் சிக்னலில் இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும், சென்ட்ரிங் கட்டிய நிலையில் ஒரு வீடாவது கண்ணில் படும். அப்பார்ட்மென்ட் வாங்குகிறவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. பம்ப் கம்பெனியிலோ மில்லிலோ கல்லூரியிலோ வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனையும் போட்டு, சொந்த மனையில் தெரிந்த மேஸ்திரியை வைத்துக் கட்டுகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. தகராறு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், “அதான் ரேரா இருக்குதுங்களே” என்பார்கள்.

ரேரா இவர்களுக்கு உதவாது. 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், விற்பதற்காக மனை பிரிப்பவர்களையும் வீடு கட்டுபவர்களையும் கட்டுப்படுத்துவது. உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டித் தரும் கான்ட்ராக்டர் அதற்குள் வரமாட்டார். உங்களுக்குத் திறந்திருப்பது நுகர்வோர் ஆணையத்தின் கதவு. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், அதில் குறை இருந்தால் இழப்பீடு கேட்கலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் – எம்.கே.குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. இப்போதைய 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சேவை என்பதற்குள் வீட்டுக் கட்டுமானத்தைச் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆனால் அங்கே பேசுவது காகிதம் மட்டும்தான். “நம்ம ஊர்க்காரருங்க, வாய் வார்த்தை போதும்” என்று தொடங்கிய வேலைக்கு அங்கே சாட்சி கிடையாது. நாள்கூலிக்கு ஆள் வைத்து நீங்களே மேற்பார்த்துக் கட்டினால், குறைக்கு யார் பொறுப்பு என்று காட்டுவதே பெரும்பாடாகிவிடும்.

முதலில் அனுமதி. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையான மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்தரை சென்ட் மனை இதில் அடங்கும். ஐந்தேமுக்கால் சென்ட் நாலைந்து சதுர அடி கூடி வெளியே போய்விடும். அனுமதி இவ்வளவு சீக்கிரம் கிடைப்பதற்குக் காரணம், அதிகாரி முன்கூட்டி வந்து பார்ப்பதில்லை என்பதுதான். அளவைத் தவறாகச் சொன்னால் பழி உங்கள் பெயரில் விழும், வரைபடம் போட்டவர் பெயரில் மட்டும் அல்ல. பீளமேட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், 2015-ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள் இங்கே பொருந்தும். மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி, சோலார் ஸ்டாண்ட் என்று ஏற்றும்போது அந்த உயரமும் கணக்கில் வரும் என்பதை இன்ஜினியரிடம் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். சண்டைகளில் பெரும்பாலானவை “சதுர அடிக்கு இவ்வளவு” என்ற ஒற்றை வரியில்தான் பிறக்கின்றன. அந்தச் சதுர அடியில் பால்கனி சேருமா? சன்ஷேட், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் எல்லாம் உள்ளேயா வெளியேயா? சிமென்ட், கம்பி, வயர், குழாய் எந்த நிறுவனம், எந்த ரகம்? “நல்ல கம்பெனி” என்று எழுதுவது எழுதாமல் விடுவதற்குச் சமம். பணத்தை மாதக் கணக்கில் கொடுக்காதீர்கள். பேஸ்மென்ட், லின்டல், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் கொடுங்கள். வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். கடைசித் தவணையில் ஒரு பங்கை, ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வைப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். நல்ல கான்ட்ராக்டர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அதையே ஒரு தகவலாக வைத்துக்கொள்ளலாம்.

ஜி.எஸ்.டி.யையும் இங்கேயே பேசி முடியுங்கள். பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் பேசிய லேபர் கான்ட்ராக்டில் தனி வீடு கட்டினால் அந்தக் கூலிக்கு வரி விலக்கு உண்டு. பொருளோடு சேர்த்துப் பேசினால் 18 விழுக்காடு. கூலிக்கு மட்டும் பேசிவிட்டு வரி கேட்பவரும் உண்டு; மெட்டீரியலோடு பேசிவிட்டுப் பாதி வேலையில் “ஜி.எஸ்.டி. தனிங்க” என்பவரும் உண்டு.

கரிசல் மண் உள்ள மனையில் மண் பரிசோதனை செய்யாமல் வானம் தோண்டாதீர்கள். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண் அது; பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்து ஆழம் முடிவு செய்வதில் அர்த்தமில்லை.

தளம் போடும் நாளன்று லீவு போட்டுவிட்டு நில்லுங்கள். மிக்சர் சுற்றும்போது, கலவை இறுகுகிறது, சட்டியில் இருந்து வழுக்கி விழவில்லை என்று யாராவது ஒரு வாளித் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவார். அவருக்கு வேலை சுலபமாகும். தளத்தின் பலம் அங்கேயே குறைந்துவிடும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே கம்பியின் மேல் டேப்பை விரித்து வைத்து, இடைவெளி தெரியும்படி போட்டோ எடுங்கள். கலவையில் 15 செ.மீ. அச்சில் மூன்று கட்டிகள் போட்டு வைத்து 28 நாள் கழித்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கும் ஊரில் அதற்கு அலைய வேண்டியதில்லை. தண்ணீர் கட்டுவது சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்ட்டுக்கு 10 நாள் என்கிறது இந்தியத் தரநிலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் தளம் சீக்கிரம் காயும். நாளைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது.

தளத்துக்கு அடுத்து வெந்நீர் ஏற்பாடு. இந்த ஊரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய குளிர் கிடையாது. சூடு வேண்டியது குளிக்கிற தண்ணீருக்குத்தான். நாலைந்து பேர் குளிக்கும் 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 45-க்கு ஏற்ற ஏறக்குறைய 2.3 யூனிட் மின்சாரம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 140 யூனிட். இலவசமாக வரும் 100 யூனிட் அதிலேயே கரைந்துவிடும். சோலார் வாட்டர் ஹீட்டர் இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கும். சிறுவாணித் தண்ணீர் என்றால் கவலை இல்லை; போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாயில் காரை படியும். எந்தத் தண்ணீர் ஏற்றப் போகிறீர்கள் என்று சொல்லி, அதற்கேற்ற ரகத்தைக் கேளுங்கள். மாடியில் இருந்து குளியலறைக்கு வரும் வெந்நீர்க் குழாயை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். இதுவும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கட்டும்.

மின்சாரம் தரும் சோலாருக்கும் மாடியில் இடம் ஒதுக்குங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தேவை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். தண்ணீர்த் தொட்டியைத் தெற்கே தூக்கிக் கட்டிப் பேனல் மேல் நிழல் விழவைத்த வீடுகள் ஏராளம்.

இவ்வளவு பார்த்தும் தளம் ஒழுகுகிறது, சுவர் பிளக்கிறது என்றால், உடனே வேறு ஆளை வைத்துப் பூசிவிடாதீர்கள். பூசினால் சாட்சியும் போய்விடும். போட்டோ, வீடியோ எடுத்து, ஒரு சிவில் இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, கான்ட்ராக்டருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். காவல் நிலையத்தில் “இது சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிட வேண்டாம். கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கான்ட்ராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் போட சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. 5 லட்சம் வரையான தொகைக்குக் கட்டணமும் இல்லை. கட்டடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு நிபுணரை ஆணையராக நியமிக்கும்படி மனுவோடு கேளுங்கள். வழக்கின் பலம் பெரும்பாலும் அந்த அறிக்கையில்தான் இருக்கும்.

காலக்கெடு இரண்டே ஆண்டு. “சரி பண்ணித் தர்றேனுங்க” என்ற வாக்குறுதியிலேயே அதைக் கடத்திவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.