ரொட்டி வண்டி எஞ்சினும் ராணுவ அச்சும்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் தடம் என்று ஒன்று இருக்கிறது. பாதை என்று மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். சுமார் 35 கிலோமீட்டருக்கும் பாறைகள்தான். ஜீப் கம்பெனி தன் மாடல் ஒன்றுக்கு இந்தத் தடத்தின் பெயரையே வைத்திருக்கிறது. இதுபோன்ற தடங்களில் ஊர்ந்து வரும் சில வண்டிகளைப் பார்த்து "இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டால், ஓட்டுகிறவரே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். கேபினும் சேஸிஸும் 1980களின் டொயோட்டா பிக்கப். எஞ்சின் ரொட்டியும் சிப்ஸும் ஏற்றித் தெருத்தெருவாகச் சுற்றிய டெலிவரி வேனுடையது. கியர் பாக்ஸ் செவ்ரோலே லாரியிலிருந்து வந்தது. அச்சுகள் அமெரிக்க ராணுவம் கழித்துக்கட்டிய வண்டியுடையவை.

காயலான் கடைச் சரக்கை ஒன்றாக வைத்து வெல்டிங் அடித்தால் வண்டி ஆகிவிடாது. ஒவ்வொரு பாகமும் அதனதன் வண்டியில் ஒழுங்காக ஓடியதுதான். சிக்கல் வருவதெல்லாம் இரண்டு கம்பெனிப் பொருள்கள் சந்திக்கும் இடத்தில். வண்டி கட்டுகிறவரின் நேரமும் பணமும் பெரும்பாலும் அங்கேதான் போகின்றன.

105 குதிரை போதுமா?

இந்தக் கலப்பு வண்டிகளில் பெயர் பெற்ற எஞ்சின் கம்மின்ஸ் 4பிடி. 1980களின் முற்பாதியில் வந்த கம்மின்ஸ் 'பி' வரிசையின் நான்கு சிலிண்டர் டீசல் இது. கொள்ளளவு 3.9 லிட்டர். இதன் ஆறு சிலிண்டர் அண்ணன், 5.9 லிட்டர் 6பிடி, 1989 மாடல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் ஏறிப் புகழ் பெற்றது. இந்த 'பி' வரிசை நமக்கும் அந்நியமில்லை. டாடாவும் கம்மின்ஸும் 1993இல் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, ஜாம்ஷெட்பூரில் இந்தக் குடும்பத்து எஞ்சின்களைச் செய்து டாடா லாரிகளுக்குத் தருகிறது.

டெலிவரி வேனில் 4பிடி தந்தது 105 குதிரைத்திறன். இன்றைய சின்னக் காரே அதைத் தருகிறது. ஆனால் பாறை ஏறக் குதிரைத்திறனைவிட முறுக்குவிசைதான் முக்கியம். நிமிடத்துக்கு 1,600 சுழற்சியை ஒட்டியே இது சுமார் 360 நியூட்டன் மீட்டர் விசையைக் கொடுத்துவிடுகிறது. ஐடிலில் விட்டாலே வண்டி ஏறத் தொடங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறும வைக்கும் வேலையில்லை.

காட்டுக்குள் போகிறவர்கள் இதை விரும்ப வேறு காரணங்களும் உண்டு. டீசலை அளந்து அனுப்பும் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். பம்பில் உள்ள ஷட்டாஃப் சொலினாய்டுக்கு ஒரு வயரில் 12 வோல்ட் வந்தால் எஞ்சின் ஓடும். கம்ப்யூட்டர் கிடையாது. கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது பல்சக்கரம், அறுந்துபோக பெல்ட் இல்லை. ஸ்பார்க் பிளக் இல்லாததால் ஓடையில் இறங்கும்போது இக்னிஷன் நனையும் கவலையும் இல்லை. காற்று உறிஞ்சும் குழாய்க்குள் மட்டும் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இத்தனைக்கும் விலை எடையும் நடுக்கமும். எஞ்சின் மட்டுமே சுமார் 340 கிலோ. அந்த டொயோட்டாவில் முதலில் இருந்த பெட்ரோல் எஞ்சினைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எனவே முன் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், சேஸிஸுக்கும் பட்டை அடிக்க வேண்டும்.

நடுக்கத்துக்குக் காரணம் கனெக்டிங் ராடின் வடிவியல். பிஸ்டன் தன் ஓட்டத்தின் மேல்பாதியைக் கீழ்பாதியைவிட வேகமாகக் கடக்கிறது. நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போகையில் இரண்டு கீழே வந்தாலும், இந்த வேக வித்தியாசத்தால் ஒன்றின் உதறலை மற்றது முழுதாக அடக்குவதில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எஞ்சின் மேலும் கீழும் உதறும். ஆறு சிலிண்டரில் இது தானாகவே அடங்கிவிடும். சில நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் இதற்கென்றே பேலன்ஸ் ஷாஃப்ட் வைப்பார்கள். டெலிவரி வேன் 4பிடியில் அது இல்லை. மிருதுவான ரப்பர் மவுண்டுகளைப் போடாவிட்டால், ஐடிலில் கண்ணாடியில் பின்னால் வருகிறவரின் முகம்கூடத் தெரியாது.

முதல் சம்பந்தம்

எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்ப்பது கிட்டத்தட்டச் சம்பந்தம் பேசுவது போலத்தான். இரண்டு வீட்டு வழக்கமும் வேறு வேறு. போல்ட் துளைகள் பொருந்தாது. கிளட்ச் தட்டின் பல் எண்ணிக்கை பொருந்தாது. இடையில் ஓர் அடாப்டர் தட்டு வேண்டும். இதற்கென்றே அமெரிக்காவில் கம்பெனிகள் இருக்கின்றன. டெலிவரி வேனிலிருந்து எடுத்த எஞ்சினில் இன்னொரு வசதி: அது ஏற்கெனவே செவ்ரோலே அல்லது ஃபோர்டு கியர் பாக்ஸோடு வாழ்ந்தது. பாதித் தட்டுமுட்டு கையோடு வந்துவிடும்.

போல்ட் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பாக்ஸ் உள்ளீட்டு ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஃப்ளைவீலில் காந்தத் தாங்கியோடு டயல் கேஜைப் பொருத்தி, அதன் முள்ளை, கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் தொட வைத்து, கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவார்கள். முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி ஆடினால் சரி. அதற்கு மேல் போனால் மையம் விலகிய டவல் பின் போட்டு ஹவுசிங்கை நகர்த்த வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் கியர் பாக்ஸின் முன் பேரிங்கும் கிளட்சும் சீக்கிரமே போய்விடும்.

கூட்டல் இல்லை, பெருக்கல்

கியர் பாக்ஸாகப் பலர் தேர்ந்தெடுப்பது என்வி4500 என்ற ஐந்து கியர் லாரிப் பெட்டி. முதல் கியர் விகிதம் 5.61, ஐந்தாவது 0.73. அதற்குப் பின்னால் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்: இரும்பு வார்ப்பான என்பி205. அதன் லோ விகிதம் 1.96. ராணுவத்தின் எம்1008 செவ்ரோலே பிக்கப்பிலிருந்து வந்த அச்சுகளின் கிரவுன் பினியன் விகிதம் 4.56. மூன்றையும் பெருக்கினால் சுமார் 50. எஞ்சின் 50 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று.

இதுவும் போதாது என்கிறவர்கள் என்பி203 என்ற இன்னொரு ட்ரான்ஸ்ஃபர் கேஸின் முன்பாதியை மட்டும் கழற்றியெடுத்து, 205க்கு முன்னால் கோர்ப்பார்கள். அதன் விகிதம் 2.01. இப்போது மொத்தம் 100ஐத் தாண்டிவிடும். 37 அங்குல டயரோடு, எஞ்சின் 800இல் ஓடும்போது வண்டியின் வேகம் மணிக்கு 1.4 கிலோமீட்டர். பக்கத்தில் நடந்துவருகிறவர் நின்று நின்றுதான் வர வேண்டும். அந்த வேகத்தில்தான் டயர் பாறையைப் பிடித்து ஏறும்.

அதே வண்டி தடம் வரை நெடுஞ்சாலையிலும் போக வேண்டுமே. நேர் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் 2,600 சுற்றுச் சுற்ற வேண்டும். டெலிவரி வேன் எஞ்சினின் கவர்னர் 2,500லேயே கையை விரித்துவிடும். பழைய நான்கு கியர் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளாமல் ஐந்தாவது கியருக்கு அலைவது இதனால்தான். 0.73இல் அதே வேகத்துக்குச் சுமார் 1,900 சுற்றுப் போதும்.

எது முதலில் உடைய வேண்டும்?

அந்தப் பெருக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. 360 நியூட்டன் மீட்டரை 100ஆல் பெருக்கினால், கணக்கின்படி சக்கரங்களில் தரையைத் தள்ளும் விசை ஏழு, எட்டு டன்னுக்குச் சமம். வண்டியின் எடையோ இரண்டரை டன்னை ஒட்டி. எனவே வழக்கமாக டயர் வழுக்கிவிடும், எதுவும் உடையாது. டயர் இரண்டு பாறைக்கு நடுவே சிக்கி வழுக்க முடியாமல் நிற்கும்போதுதான் ஆபத்து. அந்த விசை போகிற வழியில் எது பலவீனமோ அது முறியும்.

டொயோட்டாவின் மெல்லிய அச்சை விட்டு ராணுவ அச்சுக்குப் போவது இதற்காகத்தான். முன்னால் டானா 60, பின்னால் '14 போல்ட்'. பின்னச்சு 'ஃபுல் ஃப்ளோட்டிங்' வகை: வண்டியின் பாரத்தை ஹப் தாங்கும், ஆக்ஸில் ஷாஃப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே. ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. வண்டி நின்ற இடத்திலேயே உடைந்ததை உருவி எடுத்துவிடலாம்.

அனுபவசாலிகள் எல்லாவற்றையும் ஒரே அளவு பலப்படுத்துவதில்லை. முன் ஷாஃப்டை உயர்ந்த எஃகில் மாற்றுகிறவர் சக்கரத்தின் வெளிமுகத்தில் இருக்கும் லாக்கிங் ஹப்பை மட்டும் அப்படியே விட்டுவைப்பதுண்டு. ஹப் உடைந்தால் பாறைமேல் நின்றபடியே சில போல்ட்களைக் கழற்றி மாற்றலாம். கிரவுன் பினியனோ ட்ரான்ஸ்ஃபர் கேஸோ உடைந்தால் இழுத்துத்தான் வர வேண்டும்.

கண்ணில் படாத மூட்டுகள்

பெட்ரோல் வண்டிக்குள் டீசல் வந்ததும் வேறு சில மூட்டுகள் விட்டுப்போகும். பெட்ரோல் எஞ்சினின் த்ராட்டில் உண்டாக்கும் வெற்றிடத்தை நம்பித்தான் பிரேக் பூஸ்டர் இருந்தது. டீசலில் அந்த வெற்றிடமே இல்லை. தனி வேக்குவம் பம்ப் போட வேண்டும், அல்லது பவர் ஸ்டீயரிங் எண்ணெயின் அழுத்தத்தில் இயங்கும் பூஸ்டருக்கு மாற வேண்டும். இதை மறந்தவர் முதல் இறக்கத்தில் தெரிந்துகொள்வார். சுழற்சிமானிக்கு இக்னிஷன் காயிலிலிருந்து வந்த துடிப்பும் இனி கிடையாது. ஆல்டர்னேட்டரிலிருந்து எடுக்க வேண்டும். பம்பிலும் நாசிலிலும் மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்ப ஒரு குழாயும் வேண்டும்.

இந்த எஞ்சினுக்கே உரிய பழைய வியாதி ஒன்றும் உண்டு. முன்பக்கப் பல்சக்கர உறையைப் பிளாக்கோடு நேர்ப்படுத்த ஒரு சின்ன எஃகு முளை இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. நாளாக நாளாக நடுக்கத்தில் அது வெளியே வந்து பல்சக்கரங்களுக்குள் விழுந்தால் உறை பிளந்துவிடும். வைத்தியம் எளிது: பக்கத்துப் போல்ட்டின் அடியில் ஒரு தகட்டை மாட்டி, முளையின் வாயை மறைத்துவிடுவது. எஞ்சின் தரையில் இருக்கும்போதே செய்தால் சில மணி நேரத்தில் முடியும். வண்டிக்குள் ஏற்றிய பிறகென்றால் ரேடியேட்டரிலிருந்து பிரிக்க வேண்டும்.

நம் ஊரில் இதை முயல நினைப்பவர்கள் கவனிக்க: பதிவுச் சான்றிதழில் உள்ள அடிப்படை விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை வலியுறுத்தியது.

இப்படி ஒரு வண்டியைப் பார்க்க நேர்ந்தால் டயர் உயரத்தையும் புகைக்குழாயையும் பார்த்து மயங்க வேண்டாம். பின்னால் இருக்கும் உதிரிபாகப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு லாக்கிங் ஹப், ஒரு யூ ஜாயிண்ட், சில சர்க்ளிப், ஒரு டீசல் ஃபில்டர் என்று அடக்கமாக இருந்தால், எது முதலில் உடையும் என்பதைத் தெரிந்து கட்டியவர் அவர். பெட்டியில் எல்லாமே இருந்தால், அவருக்கே தன் வண்டிமேல் சந்தேகம் என்று அர்த்தம்.