உங்களுக்குத் தெரியுமா? காய்ந்த மிளகாயும் ஜவ்வாது மலைச் சாமையும்

● திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் முக்கியப் பயிர் சாமை. உமி நீக்காமல் அதைச் சமைக்க முடியாது. அந்த வேலை காலம் காலமாக உரலும் உலக்கையுமாகப் பெண்களின் தோளில்தான் விழுந்தது.

● குத்த ஆளில்லாத வீட்டில் சாமை மூட்டையாகவே சந்தைக்குப் போகும். அரிசியாக்கினால் கிடைக்கும் லாபமும் மூட்டையோடு மலையிறங்கிவிடும். தானம் அறக்கட்டளையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடா நாட்டு நிறுவனங்களும் 2011-இல் தொடங்கிய சிறுதானிய ஆய்வுத் திட்டத்துக்கு இம்மலையும் ஒரு களம். ஊரளவில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று.

● உமியோடு இருக்கும் சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. அரிசியாக்கிவிட்டால் தவிட்டிலுள்ள எண்ணெய் சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். தேவைக்கேற்ப அவ்வப்போது அரைத்துத் தரும் சிறிய மில்லுக்கு இது சாதகம்.

● சாமையைப் போலவே புளியிலும் ஓடு, நார், கொட்டை நீக்கினால் விலை கூடும். கொட்டையும் வீணில்லை, அதன் மாவு நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சியாகிறது.

● மிளகாய்க்கும் இதே கணக்குதான். 100 கிலோ பழம் காய்ந்தால் ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ வத்தல் நிற்கும். எடை குறைகிறதே என்று கலங்க வேண்டாம். பழம் சில நாளில் அழுகும். வத்தல் நல்ல விலை வரும்வரை காத்திருக்கும்.

● மிளகாய்த்தூளில் ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும்; அதிலிருந்து கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் நச்சு உண்டாகலாம். தார்ப்பாயிலோ சுத்தமான களத்திலோ காயவைத்து, சோடை வத்தலைப் பொறுக்கி ஒதுக்குவதே பாதி வெற்றி.

● காரம் விதையில் பிறப்பதில்லை. விதையைத் தாங்கும் வெள்ளைச் சதையில்தான் ஊறுகிறது.

● தூளின் சிவப்பை வெளிச்சம் வெளுக்க வைக்கும். கண்ணாடிபோல் தெரியும் உறையைவிட ஒளி புகாத உறை நல்லது.

● ஹங்கேரியின் செகெட் நகரில் விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, அவ்வூர் மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தெடுத்தார். 1937-இல் நோபல் பரிசு பெற்றார். ஊர்ப்பெயரோடு அறியப்படும் மிளகாய் நம்மிடமும் உண்டு: ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயர் பெற்ற மிளகாய்க்கு ஊர்ப்பெயரும் ஒரு முதல்தான்.

● 2020-இல் தொடங்கிய பிரதமரின் உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம், தனிநபர் தொழிலுக்கு 35 சதவீத மானியத்தை (உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய்) வகுத்தது. உணவுத் தொழில் செய்யும் சுயஉதவிக் குழு உறுப்பினருக்குத் தொடக்க நிதியாக 40,000 ரூபாயையும் அது வகுத்தது.

● காயவைப்பது, புடைப்பது, அரைப்பது, உறையிடுவது எல்லாம் நம் பெண்களுக்குக் கைவந்த வேலைகள். அவை விளைந்த ஊரிலேயே நடக்கட்டும். கூலியும் லாபமும் அங்கேயே தங்கும்.