பிறர் ஊரில் ஓர் ஊரடங்கு



'ஊர்' என்ற சொல் மிகச் சிறியது. அதற்குள் அடங்கிய பொருளோ பெரிது. பிறந்த இடமும் ஊர். பிழைக்கும் இடமும் ஊர். தாம்பரத்தில் முப்பது ஆண்டு குடியிருப்பவரை நிறுத்தி, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூர் என்றோ, திருநெல்வேலி என்றோதான் விடை வரும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே. தென்காசிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்து, 1982-ஆம் ஆண்டில் ஆசிரியப் பணிக்காகத் தாம்பரம் வந்தவன். தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றுச் சேலையூரில் வாழ்ந்து வருகிறேன். ஆயினும், யாரேனும் கேட்டால் என் ஊர் தென்காசிப் பக்கந்தான்.

நல்ல காலத்தில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் நமக்குத் தெரிவதில்லை. மாலையில் ரயில் ஏறினால் விடியலில் ஊர் போய்ச் சேரலாம் என்ற நம்பிக்கையே தூரத்தை மறைத்துவிடுகிறது. அந்த ரயில் நின்றுபோனால் என்ன ஆகும்? பிறர் ஊரில் வாழ்பவனுடைய அன்றாட வாழ்க்கை எவற்றின் மேல் நிற்கிறது? 2020-ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றுக் காலத்தில் என் தெருவில் நான் கண்டவற்றைக் கொண்டு இதனைச் சிறிது விளக்க முயல்கிறேன்.

தாம்பரம் வந்தவர்களால் வளர்ந்த ஊர் என்பதை முதலில் நினைவு கொள்ள வேண்டும். 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. அதனோடு ஸ்காட்லாந்து நாட்டு ஆசிரியர்களும் வந்து, இந்தக் காட்டுப் பகுதியில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தனர். 1984-இல் ஏற்றுமதி வளாகம் தோன்றிப் பல்லாயிரவர்க்கு வேலை அளித்தது.

இவற்றிற்கெல்லாம் முன்பே, 1928-இல், டாக்டர் சௌரிமுத்து என்பவர் இங்கே காச நோயாளிகளுக்கென ஒரு மருத்துவ நிலையத்தை நிறுவினார். சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் தந்தது அந்த நிலையம். அப்பெரியார் முன்னர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின் நடுவே இத்தகைய நிலையம் ஒன்றை நடத்தியவர். 1917-இல் கணித மேதை இராமாநுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். உலகப் போர் மூண்டிருந்த காலம்; கடற்பயணம் ஆபத்தானது; ஊர் திரும்ப வழியில்லை. மரக்கறி உணவு மட்டுமே உண்ணும் இராமாநுஜனுக்குப் பக்குவமான உணவு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. உலகம் வியந்த அறிவாளிக்கும், அயலூரில் அகப்பட்டபோது முதல் துன்பம் சோற்றில்தான் தொடங்கியது. இந்தச் செய்தியைப் பல ஆண்டுகள் மாணவர்க்குச் சொல்லி வந்த நான், அதன் பொருளை என் அறுபது வயதுக்கு மேல்தான் உணர்ந்தேன்.

2020 மார்ச் 22-ஆம் நாள் மக்கள் ஊரடங்கு நடந்தது. 24-ஆம் நாள் மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் தடையுத்தரவு தொடங்கியது. அன்றிரவு 8 மணிக்கு, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். இடையில் இருந்த அவகாசம் நான்கு மணி நேரம். பயணிகள் ரயில்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. நாள்தோறும் காலையில் எங்களை எழுப்பும் மின்சார ரயிலின் ஓசை இல்லாமற்போனது கண்டு, காகங்கள்கூடத் திகைத்தனபோல் தோன்றிற்று.

எங்கள் தெருவின் கோடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் பாதி எழும்பி நின்றது. அதில் வேலை செய்தவர்கள் மேற்கு வங்காளத்தின் மால்டா மாவட்டத்தைச் சேர்ந்த ஒன்பது பேர். கொத்தனார்கள் நால்வர், மற்றவர் கம்பி கட்டுவோரும் சித்தாள்களும். பூசாத சுவர்களுக்கு நடுவே, சாரத்துக்குரிய பலகைகளைத் தரையில் பரப்பி, அங்கேயே அவர்கள் படுத்து எழுந்தனர். ஊரடங்கு வந்ததும் அவர்களை அழைத்து வந்த ஒப்பந்தக்காரர் இரண்டொரு நாள் தொலைபேசியில் பேசினார். பிறகு அவர் பேச்சே இல்லை.

இத்தகைய தொழிலாளருக்குக் கூலி கொடுக்கும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். வாரந்தோறும் சாப்பாட்டுச் செலவுக்கென ஒரு சிறு தொகை கைக்கு வரும். எஞ்சிய கூலி ஒப்பந்தக்காரரின் கணக்கில் நிற்கும். ஊருக்குத் திரும்பும்போது கணக்குத் தீர்க்கப்படும். வேலை நடக்கும் வரையில் இது ஒருவகைச் சேமிப்பு. வேலை நின்றால், உழைத்த பணம் எட்டாத இடத்தில் இருக்க, உழைத்தவன் வயிறு காலியாக இருக்கும். அந்த ஒன்பது பேருக்கும் நேர்ந்தது இதுவே. ஏப்ரல் முதல் வாரத்தில் அவர்களிடம் அரிசியும் உருளைக்கிழங்கும் இருந்தன. இரண்டாம் வாரத்தில் அரிசி மட்டும் இருந்தது.

இனி, நான் சொல்ல நாணும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் ஓர் அடிகுழாய் உண்டு. தென்புறநகர்களில் கிணற்று நீரையும் லாரி நீரையும் நம்பி வாழ்பவர்க்கு அதன் அருமை தெரியும். அந்தத் தொழிலாளர் அங்கே வந்து நீர் இறைப்பது நோயைப் பரப்பும் என்று தெருவார் அஞ்சினர். "சார், நீங்கள்தான் முறையாக எழுதுவீர்கள்" என்று என்னிடம் வந்தார்கள். நானும் எழுதினேன். "அந்நியர் நடமாட்டம்" என்ற சொற்களை இட்டதும் நானே. முதற் கையொப்பமும் என்னுடையதே. கடிதம் கட்டட உரிமையாளருக்குச் சென்றது. மறுநாள் முதல் அவர்கள் குழாயருகே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, இரவு பதினொரு மணிக்கு மெல்லிய கிறீச்சொலி கேட்டுச் சன்னல் வழியே பார்த்தேன். அவர்களுள் மிக இளையவன், இருபது வயதுகூட இராது, அடிகுழாயின் கைப்பிடியை ஓசை எழாதபடி சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு குடம் நிறையக் கால்மணி நேரம் ஆயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

காலையில் அந்தக் கட்டடத்துக்குச் சென்றேன். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவர்களுக்கு வேலைச் சொற்களின் அளவிலேதான் தெரியும். குழாயைச் சுட்டிக் காட்டி, "பகலில் வாருங்கள்" என்று சைகை செய்தேன். மூத்த கொத்தனார் புன்னகைத்து, "ஜொல்?" என்றார். நம்முடைய ஜலந்தான் அது என்று விளங்கியது. ஒரு சொல் ஒத்துப்போனதும் பாதி அந்நியம் அகன்றது. என்னை 'மாஸ்டர் மொஷாய்' என்று அழைக்கலாயினர். அவர்கள் நாட்டில் ஆசிரியரை அழைக்கும் மரியாதைச் சொல் அது. தெருவில் சிலர் என்னோடு சில நாள் பேசவில்லை.

அடுத்த துன்பம் காகிதம். குடும்ப அட்டை உள்ளவர்க்குத் தமிழக அரசு ஆயிரம் ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் அளித்தது. இவர்களுடைய அட்டையோ மால்டாவில் இருந்தது. அன்று அந்த அட்டை இங்கே செல்லாது. வெளிமாநிலத் தொழிலாளருக்கெனத் தனியே பொருள் வழங்கவும் அரசு ஏற்பாடு செய்தது. ஆனால், இத்தனை பேர் இந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று யாரேனும் பட்டியலில் எழுதினால்தானே அது வந்து சேரும்? மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் பற்றி 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும். தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் படத்துடன் கூடிய கையேடு தர வேண்டும். வழிச்செலவு தர வேண்டும் என்றெல்லாம் அதில் விதிகள் உண்டு. எங்கள் தெருவில் இருந்த ஒன்பது பேரில் ஒருவரிடமும் அந்தக் கையேடு இல்லை. முன்பு புகார் எழுதிய அதே பேனாவால், அவர்கள் பெயர்களை வருவாய்த் துறைக்கு எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அரிசியும் பருப்பும் வந்தன. அப்போது நோன்பு மாதம். அவர்களுள் நால்வர் நோன்பு நோற்றனர். மாலையில் பூசாத அந்த மாடியில் ஒன்பது பேரும் சேர்ந்தே உண்டனர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பிரான்சு நாட்டுச் சிற்றூர்களில் பழைய பண்ணை வீடுகளை வாங்கி வாழும் ஆங்கிலேயர் பலர் உளர். அங்கே 2020 மார்ச் 17 நண்பகலில் ஊரடங்கு தொடங்கியது. ரொட்டி வாங்கப் போவதானாலும், காரணத்தையும் நாளையும் எழுதிக் கையொப்பமிட்ட படிவம் ஒன்று கையில் இருக்க வேண்டும். உலாவப் போனால் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், நாளுக்கு ஒரு மணி நேரம். அதே ஆண்டு ஜனவரி 31-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியிருந்தது. ஆகவே தாங்கள் அங்கே வசிக்கும் உரிமைக்கே புதிய சீட்டுப் பெற வேண்டிய நிலையும் அவர்களைத் தொடர்ந்தது. அவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது, தோட்டம் இருந்தது. எங்கள் தெருவிலிருந்தவர்களுக்குக் கதவுகூட இல்லை. ஆயினும் ஒன்றில் இருவரும் ஒருவரே. பிறர் ஊரில் வாழ்பவன் காகிதத்தையும் அண்டை வீட்டாரையும் நம்பியே வாழ்கிறான். காகிதம் தவறினால் அண்டை வீட்டார்தாம் கதி.

மே மாதத்தில் தொழிலாளருக்கெனத் தனி ரயில்கள் விடப்பட்டன. அதற்கு இணையத்தில் பதிய வேண்டும். என் பேரனின் துணையால் ஒன்பது பெயர்களையும் பதிந்தோம். அழைப்பு வரும் என்று அவர்கள் மூட்டை கட்டிக் காத்திருந்த வேளையில், மே 20-ஆம் நாள் ஆம்பன் புயல் வங்காளக் கரையைத் தாக்கியது. அந்த மாநிலத்துக்குச் செல்லும் ரயில்கள் சில நாள் நிறுத்தப்பட்டன. மூட்டைகள் மீண்டும் அவிழ்க்கப்பட்டன. ஜூன் தொடக்கத்தில் எண்மர் சென்ட்ரல் நிலையம் சென்று ரயில் ஏறினர். மூத்த கொத்தனார் மட்டும் போகவில்லை. வேலை தொடங்கினால் நிலுவைக் கூலியைக் கேட்க ஒருவர் இங்கே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஜூன் 19 முதல் 30 வரையில் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் பல பகுதிகளில் ஊரடங்கு மீண்டும் இறுகியது. அந்த நாட்களில்தான் என் மனைவிக்குத் தொற்று கண்டது. அவளை மருத்துவமனையில் சேர்த்தனர். என் வீட்டு வாயிலில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. பதினான்கு நாள் நான் படி தாண்டலாகாது. மகன் குடும்பம் வேறிடத்தில் அடைபட்டிருந்தது. முப்பது ஆண்டு என்னோடு பழகிய தெரு, என் வீட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தானே! என் தெருவிலேயே நான் அந்நியன் ஆனேன்.

இரண்டாம் நாள் காலை, வாயிற்கதவுக்கு வெளியே இரண்டு குடம் நீர் இருந்தது; பக்கத்தில் ஒரு பையில் கத்தரிக்காயும் வாழைக்காயும். சற்றுத் தள்ளி நின்று, "மாஸ்டர் மொஷாய், ஜொல்" என்றார் கொத்தனார். பதினான்கு நாளும் அந்தக் குரல் தவறவில்லை. காய்க்குரிய பணத்தைக் கதவிடுக்கில் வைத்தேன், எடுத்துக்கொண்டார். நீருக்கும் சேர்த்து வைத்தபோது, அதை மட்டும் அங்கேயே விட்டுப் போனார். என் மனைவி நலமுடன் திரும்பினாள்.

அதற்குப் பின் சில நன்மைகள் நடந்தன. 2020 அக்டோபரில் தமிழ்நாடு, 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' என்னும் திட்டத்தில் சேர்ந்தது. வெளிமாநிலத்தார் தம் பங்கை இங்கேயே பெற வழி பிறந்தது. 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் இதனை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளரைப் பதிவு செய்யும் ஏற்பாடும் தொடங்கியது. காகிதத்தின் குறை ஓரளவு நீங்க இவை உதவும். மற்றொரு குறையை நீக்கச் சட்டம் போதாது. அது ஒவ்வொரு தெருவிலும், குழாயடியிலும் நீங்க வேண்டியது.

அந்த ஆண்டு முடிவதற்குள் எண்மரில் அறுவர் திரும்பி வந்தனர். நிலுவைக் கூலியில் பெரும்பகுதி கிடைத்தது, முழுவதும் கிடைக்கவில்லை. கட்டடம் நிறைந்து இப்போது பன்னிரண்டு குடும்பங்கள் அதில் வாழ்கின்றன. அவர்களும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களே. சென்ற மாதம் அவர்களுள் ஒருவர் என்னிடம், "தெருமுனைக் குழாயில் யார் யாரோ வந்து நீர் பிடிக்கிறார்கள், சார், சங்கத்தில் ஒரு கடிதம் எழுதலாமா?" என்று கேட்டார். அவரை உட்கார வைத்து, இப்போது உங்களிடம் சொன்ன இந்தக் கதையைச் சொன்னேன். கடிதம் எழுதப்படவில்லை.