கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளைகளும் வரட்டும்

நவம்பர் 2 நெருங்கினால் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் வேலை வந்துவிடும். ஐப்பசி மழையில் மண்டிய புல்லைப் பிடுங்குவார்கள். சரிந்த மண்மேட்டைக் கூட்டிக் கட்டுவார்கள். சிமென்ட் கல்லறையென்றால் கழுவி வெள்ளையடித்து, சாமந்தி மாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வரிசை வரிசையாகப் போய்த் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களுக்கு அன்று கூட்டம் கூட்டமாகக் குடும்பங்கள் வரும்.

இந்த நாளுக்கு வயது ஆயிரம் ஆண்டுக்குமேல். இறந்த விசுவாசிகள் எல்லாருக்காகவும் நவம்பர் 2 அன்று செபிக்கும் வழக்கத்தை, பிரான்சின் குளூனி மடத் தலைவர் ஓடிலோ கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில் தம் மடங்களில் தொடங்கினார். முதல் உலகப் போரில் மனிதர்கள் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்தபோது, அன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை நிறைவேற்றலாம் என்று 1915-ல் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் அனுமதித்தார். அந்த அனுமதி இன்றும் இருக்கிறது.

இவ்வளவு பழமையான நாளுக்கு, பல வீடுகளில் பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போவதில்லை. “சின்னப் புள்ள, பயந்துடும்”, “ராத்திரி தூங்காது” என்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால், சாவை ஒரு பிள்ளை பதற்றமில்லாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

தாத்தாவோ ஆச்சியோ இறக்கும் நாளில் வீடே அழுதுகொண்டிருக்கும். பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்கும் தெம்பிருக்காது. கல்லறைத் திருநாளில் நாம் போய் நிற்பது பெரும்பாலும் ஆறிய துக்கத்தின் முன்னால். அப்போது பேச முடியும், இறந்தவரின் குறும்பைச் சொல்லிச் சிரிக்கவும் முடியும். இந்தப் பேச்சு முன்பே நடந்திருந்தால், வீட்டில் சாவு விழும் நாளில் பிள்ளை திக்குத் தெரியாமல் நிற்காது.

முதலில் உண்மை, பிறகு நம்பிக்கை

புடாபெஸ்ட் நகரக் குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசிப் பார்த்த உளவியலாளர் மரியா நாகியின் ஆய்வு 1948-ல் வெளியானது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சாவை ஒரு தூக்கமாக, பயணமாகவே நினைத்தார்கள். போனவர் திரும்பி வருவார் என்று நம்பினார்கள். இறந்தவர் திரும்ப மாட்டார், உடம்பு இனி இயங்காது, சாவு எல்லாருக்கும் உண்டு என்ற மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபடுகின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

அதனால்தான் “ஆச்சி தூங்குறாங்க” என்று சொல்லக் கூடாது. அதைக் கேட்ட பிள்ளைக்கு இரவில் கண்ணை மூடவே பயம் வரும். “ஊருக்குப் போயிருக்காங்க” என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். “சாமி கூட்டிக்கிட்டாரு” என்பதோடு நிறுத்தினால் சாமிமேலேயே கோபம் வரும். “ஆச்சி இறந்துட்டாங்க. அவங்க உடம்பு இனி மூச்சு விடாது, அதுக்கு வலிக்காது. அவங்க வீட்டுக்கு வர மாட்டாங்க” என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, “ஆனா அவங்க கடவுள்கிட்ட இருக்காங்க, ஒருநாள் நாம அவங்களைப் பார்ப்போம்னு நம்புறோம். அதுக்காகத்தான் செபம் சொல்றோம்” என்று சொல்லலாம்.

கையில் வேலை கொடுங்கள்

கல்லறையில் பிள்ளையைச் சும்மா நிற்க வைக்காதீர்கள். வாளியில் தண்ணீர் கொண்டுவரட்டும், கல்லைத் தேய்த்துக் கழுவட்டும். யாரும் வராத பக்கத்துக் கல்லறையிலும் நாலு பூ வைக்கட்டும். உறவில்லாதவருக்காகவும் செபிக்கும் நாள்தானே இது. மெழுகுவத்தி ஏற்றும்போது மட்டும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

எட்டு வயதுப் பிள்ளை கல்லில் உள்ள இரண்டு தேதிகளைப் படித்தால் உடனே கழித்துப் பார்க்கும். தாத்தா 41 வயதில் இறந்தார் என்று தெரிந்ததும் திரும்பி, “அப்பா, உங்களுக்கு என்ன வயசு?” என்று கேட்கும். அந்தக் கேள்விக்குள் “நீங்க போயிட்டா என்னை யாரு பாத்துக்குவா?” என்பது இருக்கிறது. “அதெல்லாம் பேசாதே” என்று வாயை அடைக்காதீர்கள். “நானும் ஒருநாள் இறப்பேன். அதுக்கு ரொம்ப நாள் ஆகும்னு நம்புறேன். எது நடந்தாலும் அம்மா இருக்காங்க, மாமா இருக்காங்க, உன்னைப் பாத்துக்குவாங்க” என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு வேண்டிய பதில் அதுதான்.

சாம்பல் புதனும் இதே பாடத்தைச் சொல்கிறது. குருத்தோலை ஞாயிறன்று பிள்ளை பின்னிய ஓலைச் சிலுவை ஓராண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் காய்ந்து கிடக்கிறது. அதைப் பிள்ளையின் கையாலேயே கோவிலில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய ஓலைகளை எரித்த சாம்பலைத்தான் குருவானவர் நெற்றியில் பூசி, நாம் மண் என்பதை நினைவூட்டுகிறார். தான் பின்னிய ஓலையும் அதில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு நீண்ட பிரசங்கம் தேவையில்லை.

இரண்டைத் தவிர்க்க வேண்டும். வர மாட்டேன் என்று அழும் பிள்ளையை இழுத்துப் போகக் கூடாது. அடுத்த ஆண்டு வரட்டும். குறும்பை அடக்க நரகத்தையும் பேயையும் காட்டி மிரட்டக் கூடாது. பயத்தில் வளரும் பக்தி பயம் தெளிந்ததும் போய்விடும்.

பல பங்குகளில் நவம்பர் மாதப் பூசைகளுக்காக இறந்தவர்களின் பெயர்களை எழுதி உறையில் போட்டுக் கொடுக்கிறோம். இந்த ஆண்டு அந்தப் பட்டியலை உங்கள் பிள்ளை எழுதட்டும். ஒவ்வொரு பெயருக்கும் “இவங்க யாரு?” என்று கேட்கும். தறி நெய்த பூட்டனையும், பிரசவத்தில் போன பெரியம்மாவையும் பற்றி அன்றைக்குச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.